ஆறில்லா ஊரில் இரண்டு நாள்



வாரம் முழுவதும் பாடமும் தேர்வுமாகக் கழிந்தபின் சனியும் ஞாயிறும் வருகின்றன. அந்த இரண்டு நாளில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து வெளியூர் ஒன்றுக்குப் போய்வரலாம் என்று எண்ணுவது இயல்பு. எந்த ஊர் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர் மனம் ஆற்றங்கரையை நாடும். திருவையாறு, கும்பகோணம், திருவரங்கம் என்று காவிரிக்கரைப் பெயர்கள் வரிசையாக வரும். படித்துறை, கரையோர மரங்கள், நடந்தே சுற்றிவரக்கூடிய வீதிகள், மாலைக் காற்று ஆகிய இவையெல்லாம் ஓய்வுக்கு உகந்தவை என்பதில் ஐயமில்லை. ஆறு இல்லாத ஊருக்கு அழகில்லை என்பது ஒளவையாரின் கருத்து. நல்வழியைப் படித்தவர்கள் அதனை அறிவார்கள்.

ஒளவையின் சொல்லை மறுக்கும் துணிவு எனக்கில்லை. ஆயினும் ஆறு பாயாத ஊர்களும் நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவ்வூர்களில் வாழ்ந்தவர்கள் நீருக்கும் அழகுக்கும் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு ஓர் ஊருக்குப் போய் இரண்டு நாள் அமைதியாகத் தங்கி நடந்துவந்தால், ஓய்வும் கிடைக்கும், அறிவும் கிடைக்கும். அத்தகைய ஓர் ஊரைப் பற்றியும், அங்கே போய்வருவதற்குத் திட்டமிடும் முறையைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள குன்றாண்டார்கோவில் என்பது அதன் பெயர்.

ஊருக்குப் போகுமுன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுக்கோட்டைச் சீமை பழஞ்சின்னங்கள் நிறைந்தது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், விராலிமலை, திருமயம், மலையடிப்பட்டி, ஆவுடையார்கோவில், குன்றாண்டார்கோவில் என்று ஒன்பது இடங்களை ஒரே மூச்சில் எண்ணிவிடலாம். இரண்டு நாளில் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்று சிலர் புறப்படுகிறார்கள். சனிக்கிழமை காலை 6 மணி முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணி வரை உள்ள பொழுது 36 மணி. உறக்கத்துக்கு 8 மணியும், உணவுக்கும் குளியலுக்கும் 6 மணியும் கழியுங்கள். இருட்டிய பின் எதையும் பார்க்க இயலாத பொழுதாக 5 மணியைத் தள்ளுங்கள். எஞ்சுவது 17 மணி. ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லவும், பேருந்துக்குக் காத்திருக்கவும் ஒவ்வொன்றுக்கும் 1 மணி வீதம் 9 மணி போய்விடும். மிச்சம் 8 மணி. அதனை ஒன்பதால் வகுத்தால் ஓரிடத்துக்கு 53 நிமிடம் வரும். அந்த 53 நிமிடத்திலும் மலையேறி இறங்குவதற்கும், தண்ணீர் தேடுவதற்கும், கூட்டமாக நின்று படம் பிடித்துக்கொள்வதற்கும் ஆகும் நேரம் போக, பல்லவர் குடைந்த குகையைப் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

இனி, இரண்டே இடங்களை எடுத்துக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவும் வரவும் இடையிலும் 4 மணி செலவானாலும் 13 மணி மிஞ்சுகிறது. ஓரிடத்துக்கு ஆறரை மணி! அதில் அவசரத்துக்கு இடமில்லை. பார்த்ததை மீண்டும் பார்க்கலாம். வெயில் ஏறினால் நிழலில் படுக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரோடு அமர்ந்து பேசலாம். ஆகவே, நம் திட்டத்தின் முதல் விதி இடங்களைக் குறைப்பது. நாள் ஒன்றுக்கு ஓர் இடம்; அதற்குமேல் வேண்டா.

பயணத்துக்குத் திட்டமிடுவது இக்காலத்துப் புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் இருக்கின்றன அல்லவா? பரிசில் பெற்றுவந்த கலைஞர், பெறப்போகும் கலைஞருக்கு வழி சொல்வதாக அமைந்தவை அவை. அவற்றுள் 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம் மலைவழியை விரித்துக் கூறுவது. எந்த வழி நல்லது, எங்கே இடர் உண்டு, இரவில் எங்கே தங்கலாம், எவ்வூரார் என்ன உணவு தருவர் என்பனவற்றை எல்லாம் அது சொல்கிறது. உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்து வெளியிட்டதனால் அந்நூலை நாம் எளிதில் படிக்க முடிகிறது. வழி, இடர், தங்கல், உணவு என்ற இந்த நான்கும் இன்றும் பயணத் திட்டத்தின் நான்கு தூண்கள். ஐந்தாவதாக ஒன்றை அந்நூலே உணர்த்துகிறது. போகும் இடத்தின் பெருமையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதே அது. நன்னனின் பெருமையை அறியாத கூத்தனை வழிகாட்டுபவர் வெறுங்கையாக அனுப்புவதில்லை.

அம்முறையைப் பின்பற்றி, குன்றாண்டார்கோவிலின் பெருமையை முதலில் பார்ப்போம்.

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது இவ்வூர். 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ நடுவழியில் கீரனூர் இருக்கிறது. அங்கே இறங்கிக் கிழக்கே கிளைச்சாலையில் சென்றால் குன்றாண்டார்கோவிலை அடையலாம். குன்று, ஆண்டார், கோவில் என்ற மூன்று சொற்களும் சேர்ந்தே ஊரின் பெயராயின. குன்றை ஆளும் இறைவன் உறையும் கோவில் என்பது பொருள். வடமொழியில் அவ்விறைவனைப் பர்வதகிரீசுவரர் என்பர். ஊர் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். குன்று, குகைக்கோவில், மண்டபம், குளம், வீடுகள், வயல் என எல்லாம் காலடிக்கு எட்டுவனவே.

குன்றைக் குடைந்து அமைத்த அக்குகைக் கோவில் பல்லவர் காலத்தது. இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் காலத்துக் கல்வெட்டும், அவன் மகன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உள்ளன. எனவே அக்கோவிலுக்கு வயது ஏறக்குறைய 1,200 ஆண்டு. அந்நாளில் இப்பகுதியை முத்தரையர் குலத் தலைவர்கள் பல்லவ வேந்தர்க்கு உட்பட்டு ஆண்டு வந்தார்கள். அரசர் பெயரைப் பாடநூலில் படிக்கும் நாம், அரசருக்குக் கீழே நின்று ஏரி வெட்டியவரையும் குகை குடைந்தவரையும் இத்தகைய சிற்றூர்களிலேதான் சந்திக்கிறோம்.

கோவிலின் முன்னே நிற்கும் நூற்றுக்கால் மண்டபம் பல்லவருக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. விசயநகர காலத்துப் பாணியில் அமைந்தது. அதனைத் தேர் வடிவில் அமைத்திருக்கிறார்கள். சக்கரங்களும், இழுத்துச் செல்லும் குதிரைகளும் கல்லிலே நிற்கின்றன. ஒரு நிமிடம் நின்று இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குகையைச் செய்தவன் இருந்த பாறையிலிருந்து வேண்டாததை நீக்கினான். அவனுக்குத் தவறு செய்ய உரிமையில்லை, வெட்டிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாதன்றோ? மண்டபத்தைச் செய்தவன் கல்லைக் கொண்டுவந்து சேர்த்து அடுக்கினான். அசையாத கல்லை ஓடும் தேராகக் காட்ட முனைந்தான். கழித்துச் செய்வது ஒரு கலை. கூட்டிச் செய்வது மற்றொரு கலை. இரண்டும் சில அடி தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன. இதனைக் கண்டுகொள்ள 53 நிமிடம் போதாது. முதலில் ஒருமுறை சுற்றிவந்து, பிறகு அமர்ந்து, மறுபடியும் எழுந்து பார்க்கும்போதுதான் தூணும் சிற்பமும் தம்மைக் காட்டத் தொடங்கும். குகையின் இருட்டுக்குக் கண் பழகுவதற்கே சிறிது நேரம் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இப்பொழுது ஒளவையாரின் கருத்துக்கு வருவோம். இவ்வூரில் ஆறு இல்லையே, நீருக்கு என்ன வழி?

விடை கோவிலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கலிமூர்க்க இளவரையன் என்ற சிறப்புப்பெயர் பூண்ட வாலி வடுகன் என்பவர் ஏரி ஒன்றை வெட்டியதைத் தெரிவிக்கிறது. வாலி ஏரி என்பது அதன் பெயர். அவர் பேரரசர் அல்லர். தலைவர் ஒருவரிடம் பணிபுரிந்தவர். அவரது போர்களை நாம் அறியோம்; அவர் வெட்டிய ஏரியை அறிகிறோம். இதே தந்திவர்மன் காலத்தில் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருவெள்ளறையில் கம்பன் அரையன் என்பவர் மார்ப்பிடுகு பெருங்கிணற்றைத் தோண்டினார். நான்கு பக்கமும் படிகள் இறங்கும் அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. அரசர்கள் மலையைக் குடைந்து பெயரை நிலைநிறுத்திய காலத்தில், அவர்களுக்குக் கீழிருந்தவர்கள் மண்ணைத் தோண்டி நீரை நிலைநிறுத்தினார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று 5,000-க்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் உள்ளன. ஆறு பாயாத நிலத்து மக்கள் தமக்கென்று ஆக்கிக்கொண்ட ஆறு அது. ஒரே கோடாக ஓடாமல், ஊர்தோறும் துண்டுதுண்டாக நின்று ஓடுகிறது.

'நின்று ஓடுகிறது' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏரி என்றால் ஒரு பெரிய பள்ளம் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது ஓர் இயந்திரம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மேட்டு நிலத்து நீர் வரத்துக்கால் வழியாக வந்து கரைக்குள் தங்குகிறது. ஏரி நிறைந்து மிகுந்த நீர் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. இவ்வாறு சங்கிலிபோல் ஏரிகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. கடைசியில் எஞ்சும் நீர் ஓடையாகி ஆற்றில் சேர்கிறது. குளத்தூர் வட்டாரத்தில் தோன்றிக் கிழக்கே ஓடிப் பாக் நீரிணையில் கலக்கும் அக்கினியாறு அத்தகைய மழையாறுகளில் ஒன்று. மழை பெய்தால் ஓடும். மற்ற நாளில் மணலாய்க் கிடக்கும்.

ஏரியிலிருந்து வயலுக்கு நீரை விடுவதற்கு நம் முன்னோர் அமைத்த குமிழித் தூம்பு வியக்கத்தக்கது. கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஏரியின் தரைமட்டத்தில் ஒரு கல்தொட்டி. அதன்மேல் இரண்டு கல்தூண்கள்; தூண்களை இணைத்துக் குறுக்குக் கற்கள். தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை உண்டு. அதனை நீரோடி என்பர். தொட்டியின் பக்கத்தில் கீழ்த்துளைகள் உண்டு, அவை சேறோடி. அடைப்பைத் தூக்கினால் நீரோடி வழியாகத் தெளிந்த நீரும், சேறோடி வழியாக வண்டல் கலந்த நீரும் உட்புகுந்து, கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியாக வாய்க்காலை அடைகின்றன. ஆக, வயலுக்கு நீரும் உரமும் ஒருங்கே போகின்றன. ஏரியும் விரைவில் தூர்ந்துபோவதில்லை. புதுக்கோட்டை வட்டாரத்து ஏரிகளில் நீர் வற்றிய காலத்தில் இத்தகைய தூண்கள் தனியே நிற்பதைக் காணலாம். அவற்றுள் சிலவற்றில் எழுத்தும் பொறித்திருக்கும். பௌதிகம் படிக்கும் மாணவன் நீரழுத்தத்தைப் பற்றியும், பொறியியல் படிக்கும் மாணவன் வண்டல் மேலாண்மையைப் பற்றியும், தமிழ் படிக்கும் மாணவன் 'குமிழி', 'சுருங்கை' என்ற சொற்களைப் பற்றியும் அங்கே நின்று பேசிக்கொள்ளலாம்.

ஆகவே, முதல் நாள் மாலையைக் குளக்கரைக்கு ஒதுக்குங்கள். வெயில் தாழ்ந்தபின் கரைமேல் நடக்கத் தொடங்குங்கள். அவசரம் வேண்டா. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல். நடுவே உயர்ந்த மண்கரை. கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். முக்குளிப்பான் ஒன்று மூழ்கினால் எங்கே எழும் என்று நண்பர்கள் பந்தயம் கட்டலாம். ஆற்றங்கரையில் நீர் நம்மைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். குளக்கரையில் நீர் நிற்கிறது. நாம் அதனைச் சுற்றி நடக்கிறோம். ஓய்வு தேடி வந்தவனுக்கு இரண்டாவது அனுபவம் முதலாவதற்குச் சிறிதும் தாழ்ந்ததன்று.

இனி இரண்டாம் நாள். இதற்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் வேண்டாதீர்கள்.

முதல் வாய்ப்பு, அதே வட்டாரத்திலுள்ள மலையடிப்பட்டி. ஒரே குன்றில் சிவனுக்கு ஒரு குகையும் திருமாலுக்கு ஒரு குகையும் அடுத்தடுத்து அமைந்த ஊர் அது. தந்திவர்மனின் 16-ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையனாகிய குவாவன் சாத்தன் சிவன் குகையைக் குடைந்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது. மகிடாசுரமர்த்தனி, ஏழு கன்னியர் முதலிய சிற்பங்கள் அங்கே உள்ளன. மற்றக் குகையில் அரவணைமேல் பள்ளிகொண்ட பெருமாளை அதே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். கண்ணிறைந்த பெருமாள் என்று அவரை வழங்குவர். அப்பெயருக்கு உரை வேண்டியதில்லை.

இரண்டாம் வாய்ப்பு, கீரனூருக்குத் தெற்கே உள்ள நார்த்தாமலை. நகரத்தார் மலை என்ற பெயரே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பர். மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொன்மலை என்று பல குன்றுகள் சூழ்ந்த இடம். மேலமலையில் ஏறினால் விசயாலய சோழீச்சுரம் என்ற கற்றளி தோன்றும். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இதனை இளங்கோவதியரையனாகிய சாத்தன் பூதி எடுப்பித்ததாகவும், மழையால் இடிந்தபின் தென்னவன் தமிழதியரையனாகிய மல்லன் விடுமன் புதுப்பித்ததாகவும் அங்குள்ள கல்வெட்டுச் சொல்கிறது. மழைக்கு ஏங்கும் இச்சீமையில் மழையே ஒரு கோவிலை இடித்தது என்ற செய்தியைக் கவனியுங்கள். கோவிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குகைகள். அவற்றுள் ஒன்றாகிய பழியிலி ஈச்சுரத்தை, நிருபதுங்கவர்மனின் 7-ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குடைவித்தார். மற்றொன்றில் திருமாலின் உருவங்கள் பன்னிரண்டு ஒரே அளவாக வரிசையில் நிற்கின்றன. மலையேற்றம் கடினமன்று, ஆனால் நிழல் குறைவு. காலையிலேயே ஏறிவிடுவது அறிவுடைமை.

இவ்வளவும் பெருமை. இனி வழி, இடர், தங்கல், உணவு.

பருவத்தை முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். தை, மாசி மாதங்கள் மிக உகந்தவை. மழையின் நீர் குளங்களில் நிற்கும், வெயில் இன்னும் கடுமையாகியிராது, பனங்கிழங்கும் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் பாறை காலைச் சுடும். கோவிலில் செருப்பின்றி நடக்க வேண்டியவர்களுக்கு அது பெருந்தொல்லை. ஆனால் கோடையிலும் ஒரு காட்சி உண்டு. குளம் வற்றும் தறுவாயில் ஊர் மக்கள் ஒன்றுகூடி இறங்கி மீன் பிடிப்பார்கள். மீன்பிடித் திருவிழா என்றே அதனை அழைப்பர்.

தங்குமிடத்தைப் புறப்படுமுன் உறுதி செய்துகொள்ளுங்கள். சிற்றூரில் விடுதியை எதிர்பார்ப்பது முறையன்று. புதுக்கோட்டையிலோ திருச்சிராப்பள்ளியிலோ தங்கி, விடியற்காலையில் புறப்படுவது நல்லது. கிராமத்துப் பேருந்துகள் நகரத்துப் பேருந்துகளைப்போல் அடிக்கடி வருவன அல்ல. போய் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பேருந்தின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதனைச் செய்தவன் மாலையில் கவலையின்றி நடப்பான். செய்யாதவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பான். உச்சிப்பொழுதில் கோவில்கள் நடை சாத்தியிருக்கும். அந்நேரத்தைக் கட்டுச்சோற்றுக்கும் உறக்கத்துக்கும் உரியதாக்குங்கள். புளியோதரையும் தயிர்சோறும் வெயிலில் நன்கு தாங்கும். குடிநீரை ஆளுக்கு இரண்டு போத்தல் எடுத்துச் செல்லுங்கள்.

சுமையைக் குறையுங்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689-இல் எதோ நகரிலிருந்து வடநாட்டை நோக்கி நடந்தே புறப்பட்டார். மாணவர் ஒருவர் உடன் சென்றார். முதல் நாளிலேயே தோளிலிருந்த மூட்டை வருத்தியதையும், நண்பர்கள் அன்போடு தந்த பொருள்களை எறியவும் மனமின்றிச் சுமந்ததையும் அவர் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். அன்போடு தருவதாயினும் அளவோடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்கள் வீட்டாரிடம் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். ஒரு துண்டு, ஒரு குறிப்பேடு, ஒரு கைவிளக்கு இருந்தால் பெரும்பாலும் போதும். கைவிளக்கைக் குகையில் பக்கவாட்டாகச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கூட்டமும் குறைவாக இருக்கட்டும். நால்வர் போனால் ஊர் அவர்களோடு பேசும். நாற்பதுபேர் போனால் அவர்கள் தமக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்புவார்கள்.

இறுதியாக, இடர் என்ற தலைப்பில் ஒன்று சொல்ல வேண்டும். மலைபடுகடாம் வழிப்போக்கர்க்கு நேரும் இடரைப் பற்றிச் சொல்கிறது. நம் காலத்தில் வழிப்போக்கரால் ஊருக்கு நேரும் இடரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1,200 ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் நின்ற சுவரில் தன் பெயரை ஆணியால் கீறுபவன், ஒரு நிமிடத்தில் ஒரு நூற்றாண்டின் சேதத்தைச் செய்கிறான். சித்தன்னவாசலின் ஓவியங்கள் மங்கிய வரலாற்றை அறிந்தவர்கள், ஒரு கையின் ஈரமும் வண்ணத்துக்குப் பகை என்பதை அறிவார்கள். கல்வெட்டின்மேல் திருநீறோ சுண்ணமோ மாவோ பூசி எழுத்தை எடுக்க முயலாதீர்கள். கண்ணால் படியுங்கள், படியாததைப் படம் எடுத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். பிளாஸ்டிக் உறைகளைக் கரையில் எறிந்தால், அடுத்த மழையில் அவை வரத்துக்காலில் அடைந்து, கலிங்கில் சிக்கி, மூன்று ஊர்க் குளத்துக்கும் தொல்லை தரும். சங்கிலியில் நீர் மட்டுமா போகும்? குப்பையும் போகும்.

குளங்கள் ஏற்கெனவே நலிந்திருக்கின்றன. சீமைக்கருவேலம் உள்ளே வளர்கிறது. வரத்துக்கால்கள் பல இடங்களில் தூர்ந்தும் குறுகியும் போயின. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது தென்னையும் பலாவும் எண்ணற்றவை சாய்ந்தன. மரத்தைப் புயல் சாய்க்கும். அதனைத் தடுக்க நம்மால் இயலாது. வரத்துக்காலைப் புயல் அடைப்பதில்லை. அதனை மனிதனே அடைக்கிறான். திறக்க வேண்டியவனும் அவனே. ஆகையால் கரையில் நடக்கும்போது ஊராரிடம் சில கேள்விகள் கேளுங்கள். இந்தக் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது? கலிங்கு கடைசியாக எந்த ஆண்டு வழிந்தது? குமிழி எங்கே இருக்கிறது? 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் பணிவோடு அழைத்துக் கேட்டால், வயலில் நிற்கும் எவரும் மகிழ்ந்து விடை சொல்வர். கல்லூரி நூலகத்தில் இல்லாத பல செய்திகள் அவ்விடைகளில் இருக்கும். வந்தவர் நம் குளத்தைப் பற்றி அக்கறையோடு கேட்டார் என்பது, ஊர் இளைஞர் மனத்தில் அக்குளத்தின் மதிப்பைச் சிறிது உயர்த்தவும் கூடும்.

அப்படியானால் இது ஓய்வா, வேலையா என்று நீங்கள் கேட்கலாம். உடல் சும்மா இருப்பது மட்டும் ஓய்வாகாது. சும்மா இருக்கும் உடலுக்குள் மனம் தேர்வையும் மதிப்பெண்ணையும் கைப்பேசியையும் சுற்றிக்கொண்டிருந்தால், அவ்வோய்வால் பயன் என்ன? மனம் தனக்குத் தொடர்பில்லாத ஒன்றில், பயன் கருதாமல், சிறிது நேரம் தங்கியிருப்பதே நல்ல ஓய்வு. பாறையில் ஒரு குதிரை, நீரில் ஒரு பறவை, கல்லில் ஒரு பெயர் என்று ஏதேனும் ஒன்று போதும். அவற்றைப் பற்றி எவரும் உங்களுக்குத் தேர்வு வைக்கப்போவதில்லை.

ஆறில்லாத ஊரைப் பற்றி ஒளவையார் சொன்னது இருக்கட்டும். அவ்வூரார் அந்தக் குறையை அறிந்தவர்கள். அறிந்ததனாலேயே மண்வெட்டியை எடுத்தார்கள். அவர்கள் எழுப்பிய கரைமேல் ஒரு மாலை நடந்துபாருங்கள். நீரில் குன்றின் நிழல் விழுந்திருக்கும். வாலி வடுகனின் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் புறப்படுங்கள்.